பிரிந்தவர் திரும்பி வந்தால்... தமிழ்க் கதைகளில் இரண்டாம் வாய்ப்பு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கிளியனூர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். பஸ்ஸில் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துவிடும் ஊர்தான். ஆனால் பெயரிலேயே ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது. தமிழில் கிளி என்றால் காதல் சமாச்சாரம். ஐங்குறுநூற்றில் கபிலர் கிளிக்கென்றே ஒரு பத்துப் பாட்டு ஒதுக்கி 'கிள்ளைப் பத்து' பாடினார். பிற்காலத்தில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் ஒரு கிளியைத் தூதே அனுப்பினார். பிரிந்தவர்களுக்கு நடுவில் பறந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை.

பிரிந்தவர்கள் மறுபடி சந்தித்தால் என்ன ஆகும்? இன்றைய ஆங்கில நாவல் உலகில் இது ஒரு தனி வகை. கடையில் இதற்கென்றே தனி அலமாரி வைக்கிறார்கள். பிரிந்த காதலர்கள் பத்து வருடம் கழித்துச் சந்திப்பார்கள், முதலில் நண்பர்களாவார்கள், பிறகு மறுபடியும் காதல், கடைசியில் சுபம். இதற்கு மூலத்தாய் என்று பலர் சொல்வது ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலை. 1817 கடைசியில் வெளிவந்தது. நெருங்கியவர்கள் பேச்சைக் கேட்டுக் காதலனை வேண்டாம் என்று சொன்ன ஆன், எட்டு வருடம் கழித்து அவனையே மறுபடி சந்திக்கிறாள்.

தமிழில் இந்தக் கதை அவ்வளவு சுலபமாக சுபத்தில் முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்று தேடிப்போனால் அது கதையின் வரலாறாக மட்டும் நிற்பதில்லை. யாருக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு, யாருக்கு இல்லை என்று சமூகம் போட்டு வைத்த கணக்கின் வரலாறாக ஆகிவிடுகிறது.

முதலில் பழைய கதை. சங்க இலக்கியத்தின் மருதத் திணை முழுக்க இதுதான் பிரச்சினை. ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களை ஓரம்போகியார் இதற்காகவே செலவழித்திருக்கிறார். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவான். வாசலில் தோழி நிற்பாள். உள்ளே விடலாமா, வேண்டாமா? இலக்கணக்காரர்கள் இதற்கு 'வாயில் வேண்டல்', 'வாயில் மறுத்தல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது தோழியைத்தான். இரண்டாம் வாய்ப்பைக் கொடுப்பதா என்று முதலில் வாதாடுவது அவள். தலைவி மனசுக்குள் இருக்கும் கோபத்துக்கு வாய் கொடுப்பதும் அவள். காதல் கதைக்குள் நட்பு எவ்வளவு பெரிய இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது சங்கப் புலவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒன்று: பெரும்பாலும் கதவு கடைசியில் திறந்துவிடும். போனவன் எப்போதும் ஆண், திறப்பவள் எப்போதும் பெண்.

சிலப்பதிகாரத்திலும் அப்படியே. மாதவியோடு கடற்கரையில் ஊடல் கொண்டு, பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு, கோவலன் கண்ணகியிடம் திரும்பி வருகிறான். அவள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். புகாரை விட்டு இரவோடு இரவாகக் கிளம்பி மதுரைக்குப் போய்ப் புதிதாக வாழலாம் என்று நடக்கிறார்களே, அந்த நடைதான் தமிழின் முதல் பெரிய 'மறுபடியும் ஆரம்பிக்கலாம்' கதை. அது எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இளங்கோவடிகள் அந்த வாய்ப்பை ஒரு சில நாட்களுக்குத்தான் அனுமதித்தார்.

புகழேந்தியின் நளவெண்பா கொஞ்சம் வேறு மாதிரி. நடுக்காட்டில் தூங்கும்போது விட்டுவிட்டுப் போன நளனைக் கண்டுபிடிக்க தமயந்தி ஒரு தந்திரம் செய்கிறாள். தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்தி மன்னனுக்குச் செய்தி அனுப்புகிறாள். அவனுக்குத் தேரோட்டுபவன் வேஷத்தில் இருக்கும் நளன்தான் என்று அவளுக்குச் சந்தேகம். செய்தி கேட்ட நளன் பதறிப்போய் ஒரே நாளில் தேரை ஓட்டி வந்து சேர்கிறான். ஒரு பெண் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள் என்ற வதந்திக்கே அவ்வளவு சக்தி! வதந்தியாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். நிஜமாகவே அவள் இன்னொருவனுக்கு மாலை போட்டிருந்தால் வெண்பா பாடியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

நிஜமாக மாலை போடும் கதை எழுத அதன் பிறகு பல நூற்றாண்டு ஆனது. 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கிய சட்டம். ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-ல் முதல் விதவைத் திருமணத்தை நடத்தினார். 'தி இந்து', 'சுதேசமித்திரன்' இரண்டையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-ல் பம்பாயில் தன் சொந்த மகளுக்கே மறுமணம் செய்து வைத்து, ஜாதிக்காரர்களின் விலக்கை ஏற்றுக்கொண்டார்.

கதைகள் இதற்குப் பின்னால்தான் வந்தன. அ. மாதவையா 1892-ல் ஒரு பத்திரிகையில் எழுதத் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' பாதியில் நின்றுபோனது. அதையே 1903-ல் 'முத்துமீனாட்சி' என்று முழு நாவலாகக் கொண்டுவந்தார். சிறு வயதில் கல்யாணம், சீக்கிரமே கைம்மை, அப்புறம் மறுமணம். இன்று படித்தால் சாதாரணமாகத் தோன்றும். அன்று ஒரு விதவை தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதுவதே பெரிய காரியம்.

பாரதியார் இதில் ஒரு வேடிக்கையான வேலை செய்திருக்கிறார். புதுச்சேரியில் பத்து வருடம் இருந்துவிட்டு 1918-ல் வெளியேறியவர், கடைசிக் காலத்தில் 'சந்திரிகையின் கதை' எழுதினார். முடிக்கவில்லை. 1921-ல் காலமாகிவிட்டார். அதில் விசாலாட்சி என்ற இளம் விதவை வருகிறாள். அவளை மறுமணம் செய்துகொள்ளச் சொல்வது யார் தெரியுமா? சாகப்போகும் அவளுடைய அண்ணி கோமதி. கைக்குழந்தை சந்திரிகையையும் அவளிடமே ஒப்படைக்கிறாள். நாத்தனாருக்கு அண்ணி கொடுக்கும் இரண்டாம் வாய்ப்பு! சங்கத் தோழி இருபதாம் நூற்றாண்டில் அண்ணி வேஷத்தில் வந்தது மாதிரி இருக்கிறது. அதைவிட வேடிக்கை, விசாலாட்சி சென்னைக்கு வந்து உதவி கேட்பது ஜி. சுப்பிரமணிய ஐயரிடம். வீரேசலிங்கம் பந்துலுவும் கதைக்குள் வருகிறார். நிஜ மனிதர்களையே கதாபாத்திரமாக்கி, நடந்த சீர்திருத்தத்தைக் கதைக்குள் இழுத்துக்கொண்டார். இந்த நாவல் முடிந்திருந்தால் தமிழ் நாவலின் போக்கே கொஞ்சம் மாறியிருக்கும்.

இது விதவையின் கதை. கணவன் உயிரோடு இருந்து, கைவிட்டுப் போய், திரும்பி வந்தால்?

கல்கி இதைத்தான் 'தியாகபூமி'யில் எழுதினார். 1938-39ல் ஆனந்த விகடனில் தொடர், 1939-ல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படம். கணவன் ஸ்ரீதரனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். இப்போது ஸ்ரீதரனுக்கு மனைவி வேண்டும். சேர்ந்து வாழ வரவேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் கோர்ட்டில் நின்று, வேண்டுமானால் இவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். தமிழ் ரசிகர்கள் அதுவரை கேட்டிராத வசனம். படத்தை 1940-ல் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது, சுதந்திரப் போராட்டக் காட்சிகளுக்காக. ஆனால் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது அந்த ஜீவனாம்ச வசனமாகத்தான் இருக்கும்.

இது கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. 1884-ல் பம்பாயில் ருக்மாபாய் மீது அவருடைய கணவர் இதே வழக்கைப் போட்டார். சிறுவயதில் விருப்பமில்லாமல் நடந்த திருமணத்துக்காகச் சேர்ந்து வாழ மாட்டேன், ஜெயிலுக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். பிற்பாடு டாக்டரானார். 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்ற அந்தப் பிரிவு 1955-ன் இந்து திருமணச் சட்டத்திலும் ஒன்பதாவது பிரிவாக உட்கார்ந்துகொண்டது. ஒரு திரைப்பட நடிகை சம்பந்தப்பட்ட வழக்கில் 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1984-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அது செல்லும் என்றது. ஆக, பிரிந்தவர் சேர்வது என்பது நம் நாட்டில் கவிதை விஷயம் மட்டுமல்ல, கோர்ட் உத்தரவாகவும் வரக்கூடிய ஒன்று. நாவலாசிரியர்கள் சுபம் போடத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

சரி, இப்போது விழுப்புரத்துக்கு வருவோம். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை கடலூர், திண்டிவனம், கிளியனூர் எல்லாம் ஒரே தென்னார்க்காடு. அந்தத் தென்னார்க்காட்டின் கடலூரில் 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். சிறுவனாக இருந்தபோதே வீட்டை விட்டு விழுப்புரத்திலிருந்த மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். பாரதியையும் கம்யூனிசத்தையும் அவருக்கு அறிமுகப்படுத்தியது அந்த மாமாதான்.

1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், ஒரு காரில் ஏறுகிறாள், கெட்டுப்போகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு பெண்ணுக்கு இரண்டாம் வாய்ப்பை அம்மாவே, ஒரு குடம் தண்ணீரில், யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டாள் என்பதுதான் ஆத்திரம்.

ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. சரி, அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். தினமணி கதிரில் தொடராக வந்து, 1970-ல் புத்தகமான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. 1972-ல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. இதில் அந்தப் பெண் கங்கா. அம்மா கூச்சல் போடுகிறாள், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். படிக்க வைத்த மாமா வெங்குராமய்யரின் கண்ணும் சரியில்லை. பன்னிரண்டு வருடம் போகிறது. 'அக்னிப் பிரவேசம்' கதை நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகையில் வருகிறது! ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக. கங்கா அதைப் படிக்கிறாள். முடிந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடி என்ற மாமாவின் சவாலும் சேர்ந்துகொள்ள, அவள் அவனைத் தேடிக் கண்டுபிடித்தே விடுகிறாள்.

இங்கேதான் இந்த நாவல் உலகத்திலுள்ள மற்ற 'மறுபடி சந்தித்தார்கள்' நாவல்களிலிருந்து விலகிப்போகிறது. பிரபு கல்யாணமானவன், பெரிய பெண் இருக்கிறாள். பணம் உண்டு, வீட்டில் மரியாதை கிடையாது. கெடுத்தவன், கெடுக்கப்பட்டவள் என்று சேர்ந்தவர்கள், இப்போது காரில் ஏறிப் பேசிக்கொண்டே போகிறார்கள். அவ்வளவுதான். தொடுவது கூட இல்லை. அவனுடைய வைப்பாட்டி என்று ஊர் பேசினால் பேசட்டும் என்று அவளே விட்டுவிடுகிறாள், ஏனென்றால் அந்தப் பெயர் இருந்தால் மற்ற ஆண்கள் நெருங்க மாட்டார்கள். அந்தப் பொய்ப் பெயருக்குள் ஒரு நிஜமான நட்பு வளர்கிறது. பிரபுவின் மகள் மஞ்சுகூட அதில் சேர்ந்துகொள்கிறாள். கடைசியில் கங்காவுக்கு அவன் மேல் அன்பு முற்றும் நேரத்தில் பிரபு ஒதுங்கிப் போகிறான், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. இரண்டாம் வாய்ப்பு அவன் கையிலேயே இருந்தது, அவனுக்கு அதைப் பெறும் தகுதி தனக்கில்லை என்று தோன்றிவிட்டது. கங்கா சிதைந்துபோகிறாள்.

வாசகர்கள் விடவில்லை. ஜெயகாந்தனும் விடவில்லை. 1978-ல் 'கங்கை எங்கே போகிறாள்' எழுதி இருவரையும் இன்னொரு முறை சந்திக்க வைத்தார். ஒரே ஜோடிக்கு மூன்று கதை. முதல் நாவலை ஏ. பீம்சிங் படமாக எடுத்தபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஜெயகாந்தனிடமே இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. நாடக நடிகை கல்யாணி, மனைவியை இழந்த பத்திரிகைக்காரன் ரங்கா. கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஒத்துவரவில்லை, சண்டையில்லாமலே பிரியப் பார்க்கிறார்கள். வக்கீலிடம் போனால் சட்டத்தில் அதற்கு வழியில்லை. சும்மா ஒத்துவரவில்லை என்று விவாகரத்துத் தரமாட்டார்களாம். இருவரும் சம்மதித்து விவாகரத்து பெறும் பிரிவு 1976 திருத்தத்தில்தான் வந்தது. நாவல் அதற்கு முந்தியது. பிறகு கல்யாணியின் கால்கள் செயலிழக்கின்றன. ரங்கா திரும்பி வருகிறான். பரிதாபத்தால் வந்தானா, காதலால் வந்தானா என்று கேட்டால் ஜெயகாந்தன் இரண்டும் இல்லை, நட்பால் என்பார் போலிருக்கிறது. கங்காவின் கதை அளவுக்கு இது பேசப்படவில்லை. ஆனால் பக்குவத்தில் இதுதான் ஒரு படி மேல்.

தி. ஜானகிராமன் பக்கம் போனால் சத்தமே இருக்காது. 'செம்பருத்தி'யில் சட்டநாதன் விரும்பிய குஞ்சம்மாள் அவனுடைய அண்ணனுக்கே மனைவியாகி வருகிறாள். அண்ணன் இறந்துவிடுகிறான். அவள் அதே வீட்டில், அதே கூடத்தில், வருடக்கணக்கில். சட்டநாதனுக்கு மனைவி புவனா. இரண்டாம் வாய்ப்பு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பாடு பரிமாறுகிறது, யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. படிப்பவருக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

பெண் எழுத்தாளர்கள் கையில் இந்தக் கதை வேறு முகம் எடுத்தது. ரமணிசந்திரனின் நாவல்களை வீட்டில் அம்மா, அக்கா, சித்தி எல்லோரும் மாறி மாறிப் படித்திருப்பார்கள். சந்தேகத்தால் பிரிவது, உண்மை தெரிந்து சேர்வது என்பது அங்கே நிரந்தர விருந்தாளி. குறை சொல்வது சுலபம். கதாநாயகன் ரொம்ப சீக்கிரம் மன்னிக்கப்படுகிறான் என்பதும் உண்மை. ஆனால் அவனை வந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறாரே, அதற்காகத்தான் அத்தனை பேர் லெண்டிங் லைப்ரரியில் வரிசையில் நின்றார்கள்.

அனுராதா ரமணனின் 'சிறை' மன்னிக்கவே இல்லை. ஆனந்த விகடனில் பரிசு பெற்ற கதை. 1984-ல் ஆர்.சி. சக்தி படமாக எடுத்தார். அந்தோணியால் கெடுக்கப்பட்ட பாகீரதியைக் கணவன் ரகுபதி கைவிட்டு ஓடிவிடுகிறான். போக்கிடமில்லாமல் அவள் அந்தோணியின் வீட்டுக்கே போய் உட்காருகிறாள். அந்த முரடன் மாறுகிறான். அவளைத் தொடாமல், அவளுக்குக் காவலாக இருந்து இறந்தும் போகிறான். அப்புறம் வருகிறார் கணவர், வா போகலாம் என்று! அவள் அவனுடைய தாலியைக் கழற்றிவிட்டு அந்தோணியின் விதவையாக இருந்துவிடுகிறாள். கெடுத்தவனையே காவலனாக்குவது சரியா என்று இன்றைய வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'வாயில் மறுத்தல்' என்பதைக் கடைசி வரை நடத்திக் காட்டிய கதை இது.

மறுபடியும் தென்னார்க்காடு. பண்ருட்டிப் பக்கத்துக்காரரான தங்கர் பச்சான் தன் 'கல்வெட்டு' சிறுகதையை 2002-ல் 'அழகி' என்ற படமாக எடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த சண்முகமும் தனலட்சுமியும் பல வருடம் கழித்துச் சென்னையில் சந்திக்கிறார்கள். அவனுக்கு வீடு, மனைவி, குழந்தைகள். அவள் மகனோடு பிளாட்பாரத்தில். வேலைக்காரியாக வீட்டுக்கு அழைத்து வருகிறான், யாரென்று மனைவியிடம் சொல்லாமல். இந்த ஒரு பொய்தான் படம் முழுக்க நெஞ்சில் குத்துகிறது. மனைவி வளர்மதியும் கெட்டவள் இல்லை. அதனால்தான் தனலட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. வளர்ந்த பிறகு ஒருவருக்குச் சோபா, ஒருவருக்குச் சமையல்கட்டுத் தரை. ஆங்கில நாவல்களில் பிரிந்தவர்கள் சந்திக்கும்போது இருவரும் ஏறக்குறைய சமமாக இருப்பார்கள். இங்கே அந்த இடைவெளிக்குள் ஏழ்மையும் கைம்மையும் புகுந்துவிடுகின்றன.

அதே மண்ணின் விருத்தாசலம் பக்கத்து இமையம் 2015-ல் 'எங் கதெ' எழுதினார். கணவனை இழந்த, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான கமலாவை வேலை வெட்டி இல்லாத விநாயகம் பத்து வருடமாக விரும்புகிறான். கதை சொல்வதும் அவனே, அந்த ஊர்ப் பேச்சிலேயே. விதவைக்கு வாழ்வு கொடுக்கும் தியாகி என்ற பழைய கதாநாயகன் இதில் கிடையாது. கமலாவுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, அவளுக்கென்று ஒரு மனசும் இருக்கிறது. அவள் வேறு ஒருவனிடம் பழகுகிறாள் என்று தெரிந்ததும் இவனுக்குக் கொலைவெறி வருகிறது. பத்து வருடக் காதலுக்குள் எவ்வளவு சொத்துப் புத்தி ஒளிந்திருந்தது என்று அவன் வாயாலேயே வெளியே வருகிறது. கடைசியில் கொல்லாமல் விலகிப் போகிறான். மாதவையாவின் முத்துமீனாட்சிக்கு ஒருவன் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு கமலா கேட்பது கையை அல்ல, கொஞ்சம் தள்ளி நிற்பதை.

எல்லா ஊரிலும் கதை இந்த வேகத்தில் நகரவில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) கணவனை வேண்டாம் என்று வந்துவிட்ட ஃபிர்தௌஸ் இன்னொருவனை விரும்பியதற்கு விலை உயிர். விஷத்தைக் கொடுப்பது பெற்ற தாய். ஜெயகாந்தனின் அம்மா ஊற்றிய தண்ணீரையும் இந்த அம்மா நீட்டிய விஷத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் தூக்கம் வராது.

பெருமாள்முருகன் இன்னும் ஒரு விசித்திரம் செய்தார். 'மாதொருபாகன்' (2010) முடிவில் காளியும் பொன்னாவும் உடைந்துபோய் நிற்கிறார்கள். காளி என்ன செய்தான் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒன்றுக்கு இரண்டாகத் தொடர்ச்சி எழுதினார். 'ஆலவாய'னில் காளி இறந்துவிடுகிறான், பொன்னா தனியாக வாழக் கற்றுக்கொள்கிறாள். 'அர்த்தநாரி'யில் பிழைத்துக்கொள்கிறான், ஆனால் அவளோடு பேச மாட்டான். எது நிஜம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு புத்தகத்தையும் படித்த பெண்களில் பலருக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதில் பொன்னாவைச் சுற்றி அம்மாவும் மாமியாரும் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். இரண்டாவதில் கணவன் இருக்கிறான், பேச்சுத் துணைதான் இல்லை.